மகமைப் பெட்டியில் போன வாடகை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நினைப்போடுதான் வருகிறீர்கள். குடும்ப டிரஸ்ட் என்றால் அண்ணன் தம்பியை ஏமாற்றுவான், சித்தப்பா சொத்தை அமுக்குவார், நாம் போய்க் கண்டுபிடிப்போம் என்று. அப்படிப்பட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராயபுரத்தில் உட்கார்ந்து என் வேலைக்காலம் முழுவதும் குடும்ப டிரஸ்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவள் நான். திருடர்களால் எனக்கு வந்த தலைவலி கொஞ்சம்தான். திருடனுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும். ஒரு கேள்வி கேட்டால் முழிப்பான். நேர்மையானவன் முழிக்க மாட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தப்பு செய்வான். அவனை வழிக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையில் பாதி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அப்பா ரயில்வே. பி.காம் முடித்ததும் கல்மண்டபம் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே குடும்ப டிரஸ்ட்டுகளை மட்டும் பார்க்க ஒரு மேஜை இருந்தது. கடைசிவரை அந்த மேஜையில்தான் இருந்தேன். ஆபீசில் எல்லோரையும் போலத்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் எங்கள் ஏரியா தமிழ் வந்துவிடும். அது வந்துவிட்டால் எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அதையும் ஒரு தகுதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

டிரஸ்ட் நடத்த என்ன செலவாகும் என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நீங்கள் உடனே ஆடிட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், சொத்து வரி என்று அடுக்குவீர்கள். அவையெல்லாம் சின்னச் செலவு. படகு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் எல்லாப் பிள்ளைகளையும் டிரஸ்டி ஆக்கி, எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்று எழுதிவைத்துவிட்டார். ஒற்றுமையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். ஒரு பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்று கேட்டுக்கேட்டுக் கையெழுத்து வருவதற்குள், மழை வந்து டிரஸ்ட்டின் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. கூரைக்கான செக் அதற்கப்புறம் வந்தது. அதுதான் பெரிய செலவு. சொத்து இருக்கும், கையில் காசு இருக்காது; காசு இருக்கும், கையெழுத்து இருக்காது. இரண்டும் இருந்தால் ஒரு வக்கீலின் ஒப்பினியனுக்காகக் காத்திருப்பார்கள்.

இன்னொரு செலவு, ஃபீஸே வாங்காத டிரஸ்டி. "நான் இதுல ஒரு டீக்கூடக் குடிச்சது கெடையாது" என்று சொல்பவர். அவரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள மாட்டார். முத்துராஜ் அண்ணாச்சி அப்படிப்பட்டவர்.

அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் பெயின்ட்டும் விற்கும் கடை வைத்தார். கடை வளர்ந்து மொத்த வியாபாரமானது. அவருக்கு இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். மகள் பொன்மணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், திருவொற்றியூரில் இருந்த ஒரு குடோனை டிரஸ்ட்டாக எழுதினார். குடோன் வாடகை முழுவதும் பொன்மணிக்கு. அவள் வாழ்க்கைக்கும், அவள் குடும்பத்தின் வைத்தியத்துக்கும் படிப்புக்கும். தன் காலத்துக்குப் பிறகு மகன்கள் இருவரும் டிரஸ்டிகள். பத்திரம் கச்சிதமான பத்திரம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி மகமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் பலரிடம் இருக்கும் வழக்கம் அது. விற்கிற ஒவ்வொரு சரக்குக்கும் கொஞ்சம் எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்தக் காசு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும், கோயில் கொடைக்கும், அன்னதானத்துக்கும் போகும். கடை நொடித்துப்போனாலும் வீட்டு ஆட்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் குலம் விளங்காது என்பார்கள். சட்டம் போட்டு வசூலிக்கிறவர்களால் முடியாததை இந்த மரப்பெட்டி சாதித்திருக்கிறது. நான் மனதார மதிக்கும் வழக்கம் அது.

அப்பா செய்தது என்னவென்றால், மகள் வீட்டோடு இருந்த வரையில் அவளுக்குத் தனியாகக் காசு எதற்கு என்று நினைத்து, அந்தக் குடோன் வாடகையையும் மகமையோடு சேர்த்துவிட்டார். பெண் பேரில் தர்மம் போகட்டும், புண்ணியம் அவளுக்குச் சேரட்டும் என்று. அதுவே சட்டப்படி சரியில்லைதான். அவர் போன பிறகு மகன்கள் அப்பா போட்ட தடத்தில் அப்படியே நடந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மின்விசிறி, பெஞ்சு, சாப்பாட்டுத் தட்டு என்று எல்லாவற்றிலும் ‘உபயம்: செல்வி பொன்மணி’ என்று எழுதியிருக்கும். டியூப்லைட்டில் பாதி வெளிச்சம் அந்த எழுத்துக்குள்ளேயே நின்றுவிடும். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் பெயின்டர் பழையதைப் பார்த்துச் செல்வி என்றே எழுதிக்கொண்டிருந்தான்.

அந்தக் கல்யாணம் வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். பொன்மணி, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய ஏழுமலையை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு சாகும்வரை மகளோடு பேசவுமில்லை.

அண்ணன் தம்பி இருவரும் எங்களிடம் வந்தது வருமான வரி நோட்டீசோடு. குடோனை வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனி ஒழுங்காக வரி பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. டிரஸ்ட் பேரில் ஒரு வருஷம்கூட ரிட்டர்ன் தாக்கலாகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"தர்மக் காசும்மா. அதுக்குப் போயி வரி கேப்பாவளா?" என்றார் அண்ணாச்சி. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

பத்திரத்தைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். இது தர்ம டிரஸ்ட் இல்லை. இந்த வாடகை உங்கள் தங்கையின் வருமானம். அவர் பேரில்தான் வரிக்கணக்கு போக வேண்டும். இதுவரை பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததெல்லாம் அவர் காசு. கேட்டால் நீங்கள் இருவரும் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. சட்டைப் பையில் இருந்த கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த தம்பி, அண்ணன் தலையாட்டினால் தானும் ஆட்டுகிறவர், அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஒரு வக்கீலிடம் போய் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ‘இதுநாள்வரை நடந்த நிர்வாகத்தில் எனக்குப் பூரண திருப்தி, எந்தப் பாத்தியமும் கோர மாட்டேன்’ என்று பொன்மணி கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் மாதாமாதம் அவளுக்கு ஏதாவது கொடுத்துவிடலாம், பழையதைக் கிளற வேண்டாம் என்பது அவர்கள் யோசனை. வரிக்கணக்குக்கு அவள் பான் கார்டு வேண்டியிருந்ததால் நான் எப்படியும் அவள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அந்தப் பத்திரத்தையும் என்னிடமே கொடுத்தார்கள்.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் வீடு. பொன்மணி வாசலில் இட்லிப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் வண்டியை விட்டு நகர முடியாத டிரைவர்களுக்கு நடந்தே போய்க் கொடுத்து வருவாள். உள்ளே பாயில் ஏழுமலை படுத்திருந்தார். கன்டெய்னர் மேலிருந்து விழுந்ததில் முதுகில் அடி. ஒரு காலில் பாதம் தொங்கிவிட்டது. நரம்பு நசுங்கியிருக்கிறது, தள்ளிப்போட்டால் கால் திரும்பாது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அண்ணன் அனுப்பிச்சாரா மேடம்?" என்றாள். "போன வாரம் கடைக்குப் போயி கேட்டேன். மகமைக் காசை வூட்டு ஆளுங்க தொடக் கூடாதுன்னாரு. கரீட்டுதான். எனக்கும் தெரியும். அப்பால அவரு பாக்கெட்லேர்ந்து கொஞ்சம் எட்த்து நீட்னாரு. பிச்ச போடற மாதிரி ஆயிப்போச்சு. கல்லா மேலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

யார் காசை யார் தொடக் கூடாது என்று யார் யாரிடம் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. கட்டுப்பாட்டோடு, பயபக்தியோடு, தங்கையின் காசைத் தங்கையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பான் கார்டை வாங்கிக்கொண்டேன். அண்ணன் ஒரு பத்திரம் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்றதும் அவள் கையைப் புடவையில் துடைத்து, என் பேனாவை வாங்கிக்கொண்டு, "கையெயுத்து எங்க போடணும், சொல்லுங்க. வரிசை நவுந்துடுச்சுன்னா யாவாரம் போயிடும்" என்றாள்.

"என்னன்னு கேக்க மாட்டியாம்மா?"

"அண்ணன் குட்த்து அனுப்பினதுதானே? அவரு வாயி கசக்கும் மேடம், பொய் சொல்லாது."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பத்திரம் என் பையில் இருக்கிறது. பேனா அவள் கையில் இருக்கிறது. கட்சிக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். போட்டுவிட்டால் நாங்களும் நிம்மதியாக வரிக்கணக்கைப் பார்க்கலாம். ஆனால் பயனாளிக்கு விஷயம் முழுதாகத் தெரியாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் அதை வாங்கியிருக்க மாட்டேன்.

"இன்னிக்கு ஒண்ணும் போட வேணாம்மா. உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து ஆடிட்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், எனக்கு எழுத்து எழுத்தாக வேலை கற்றுக்கொடுத்தவர். ஆனால் நோட்டீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே கையைக் கட்டிக்கொண்டுவிடுவார்.

"முதல்ல வரி விவகாரம் முடியட்டும்மா. பழைய வருஷமெல்லாம் என்ன ஆச்சுன்னு கணக்கு எடுக்கணும். சீனியர் வக்கீல்கிட்ட ஒப்பினியன் வாங்கணும். அதுக்கு முன்னாடி டிரஸ்ட்லேர்ந்து ஒரு பைசா வெளிய போனாலும் நம்ம தலைமேல வரும்."

"சார், வரிக்குப் போக மிச்சம் பேங்க்ல இருக்கு. அதைப் பிரிச்சு வெச்சிடலாம். வைத்தியத்துக்குக் கொடுக்கலாம்னு பத்திரத்துலயே இருக்கு. இதுக்கு ஒப்பினியன் எதுக்கு?"

"ஜாக்கிரதையா இருக்கறதுல என்ன தப்பு?"

அப்போதுதான் எனக்கு எங்கள் ஏரியா தமிழ் வந்துவிட்டது. "நாம ஜாக்கிரதையா குந்திகினு இருந்தா அந்தாளு காலு பூடும் சார். ஒப்பினியன் வர்றப்ப கால் இருக்காது. அப்ப இன்னா பண்ணுவீங்க, ஒப்பினியனை காலுல கட்டுவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்திரத்தை வாங்கி அந்த வைத்தியம் என்ற வரியை இரண்டு முறை படித்தார். "சரி. பணம் கொடுக்க வேண்டியது டிரஸ்டிங்க. நாம இல்ல. அவங்க சம்மதிச்சா நான் எதிர்த்து நிக்க மாட்டேன். நீயே போய்ப் பேசு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜாக்கிரதை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பாலானது நமக்காகத்தான். பயனாளிக்கு அதில் ஒன்றும் இல்லை. எந்தத் தாமதம் சொத்தைக் காப்பாற்றுகிறது, எந்தத் தாமதம் நம்மை மட்டும் காப்பாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் நீங்கள் இந்த வேலைக்குத் தேறிவிட்டீர்கள்.

மதியம் கடைக்குப் போனேன். தார் வாசனையும் புதுக்கயிறு வாசனையும் கலந்து வரும் கடை. கல்லாவுக்கு மேலே அப்பா படம், அதற்கு நேர் கீழே மகமைப் பெட்டி. அண்ணாச்சி எனக்கு நாற்காலி போடச் சொல்லி, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்.

"கையெழுத்து வாங்கலை அண்ணாச்சி" என்றேன்.

"ஏம்மா, அவ மாட்டேன்னுட்டாளா?"

"அவங்க படிக்காமலே போட ரெடி. நான்தான் வாங்கலை. விஷயம் தெரியாம போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாத்தாது. நாளைக்கு அவங்க புள்ளைங்க கேஸ் போட்டா அந்தப் பேப்பர் நிக்காது. நீங்களே நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்லணும். அதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை ஆபரேஷனுக்கு இன்னைக்கே செக் போடணும்."

அவர் முகம் இறுகிவிட்டது. பேங்கில் இருந்த வாடகைப் பணம் எதற்கென்று அப்போதுதான் சொன்னார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் கட்டித்தருவதாக ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டாராம். அஸ்திவாரம் தோண்டியாயிற்று.

"வாக்குக் குடுத்துட்டேம்மா. ஊரே கேட்டுட்டு இருந்துச்சு. இப்பப் போயி இல்லைன்னு சொன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கொடைக்குப் போவேன்? அவளுக்கு நான் என் கையில இருந்து தாரேன். வேண்டாம்னா சொல்லுதேன்? வாங்க மாட்டேங்காளே."

"மாத்திப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். "வாக்கு நீங்க குடுத்தது. அதுக்கு உங்க காசைக் குடுங்க. தங்கச்சிக்கு அவங்க காசைக் குடுங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

கணக்கில் புலியான மனிதர், இந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. தம்பி முதல்முறையாக அண்ணன் தலையாட்டுவதற்கு முன்பே தலையாட்டினார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு, "நீ சும்மா இருடே. அப்பா செஞ்சதுதானே நானும் செஞ்சேன்? அவர் மகமையிலதானே போட்டார்?" என்றார்.

"அப்பா போட்டப்ப உங்க தங்கச்சி அவர் தட்டுல சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அது வேற. சரி, ஒண்ணு சொல்லுங்க. டிரஸ்ட்டை ரத்து பண்ணவோ மாத்தவோ உயிரோட இருக்கற வரைக்கும் அப்பாவுக்கு அதிகாரம் உண்டுன்னு பத்திரத்துல இருக்கு. படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

"அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தினாரா?"

கடையில் ஒருவர் நைலான் கயிறு விலை கேட்டுக்கொண்டிருந்தார். வேலையாள் விலை சொல்லி, அளந்து, வெட்டி, அவர் காசு கொடுத்துவிட்டுப் போகும்வரை அண்ணாச்சி அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தலை" என்றார் கடைசியில். "நான் கேட்டேன் ஒருநாள். வக்கீலை வரச் சொல்லட்டுமான்னு. அப்பா எந்திரிச்சுப் போயிட்டார்." "சாகுத வரைக்கும் மாத்தலை" என்று மறுபடி சொன்னார். தம்பியைப் பார்த்து, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார்.

நான் வாதாடி ஜெயித்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. அந்த மனிதருக்கு அப்பா சொல்தான் வேதம். அப்பா சொல்லைத்தான் அவர் இத்தனை நாள் காப்பாற்றுவதாக நம்பினார். அதே அப்பாவின் சொல் வேறு பக்கம் இருக்கிறது என்று காட்டினேன், அவ்வளவுதான். நேர்மையானவனை மிரட்டாதீர்கள். அவன் எதற்கு நேர்மையாக இருக்கிறானோ அதையே எடுத்து அவன் முன்னால் வையுங்கள்.

திருவொற்றியூருக்கு நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது பொன்மணி மதிய வியாபாரம் முடித்துச் சமையல்கட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன்கள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல்முறை. உட்கார இடம் தேடி அவள் தவித்தாள். அண்ணாச்சி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை உள்ளறையில் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி எப்படியெப்படியோ சுற்றி வளைத்துப் பேசினார். குடோன் என்றார், வரி என்றார், காலம் கெட்டுப்போச்சு என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நான் பத்திரத்தைப் பிரித்து அப்பா எழுதிய அந்தப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். ‘என் அன்பு மகள் பொன்மணிக்கும் அவள் குடும்பத்தாருக்கும்’ என்று தொடங்கும் பத்தி. பிறகு வாடகை எங்கே போனது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் அண்ணன்கள் காது கேட்கவே சொன்னேன்.

அவள் ஈரக்கையோடு சுவரில் சாய்ந்தாள்.

"எனக்குத் தெரியும் ஃபேனு, தட்டுல்லாம். ஊருக்குப் போன யாரோ போட்டோ காட்னாங்க. என் பேரைப் பார்த்துட்டு, அண்ணன் நம்மளை மறக்கலன்னு அளுதேன்." அண்ணனை நேராகப் பார்த்தாள். "தர்மந்தான் பண்ணே. நல்லதுதான். எம்பேர்லதான் பண்ணே. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே?"

இத்தனை சட்டம் படித்து, இத்தனை பத்திரம் பார்த்து, டிரஸ்ட் நிர்வாகத்தில் நடக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது என்று நான் தெரிந்துகொண்டது அந்தச் சமையல்கட்டு வாசலில்தான்.

"திருப்பி வேணுமா தாயி?" என்றார் அண்ணாச்சி. "கடைய வித்தாவது தாரேன்."

"பசங்க துன்ன சோத்தை வவுத்துலேர்ந்து புடுங்கவா முடியும்? வுடு." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமேட்டு நான் சொன்னாத்தான் எம்பேரை எங்கயும் எய்தணும். செல்வின்னு எய்தக் கூடாது."

தம்பி சிரித்துவிட்டார். அவளும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். பழைய கணக்கு பற்றிய பத்திரத்தை அன்று நான் வாங்கவில்லை. பணத்தேவை நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும்போது விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயமில்லை. ஆபரேஷன் முடிந்து, ஏழுமலை எழுந்து நடந்து, அவர்களுக்கென்று வேறொரு வக்கீலைப் பார்த்துப் பேசிய பிறகு, வருஷவாரியாக என்னென்ன போயிருக்கிறது என்று முழுக்கப் படித்துப் பார்த்து அவளாக மனமொப்பிக் கையெழுத்துப் போட்டாள். வரி, அபராதம் எல்லாவற்றையும் அண்ணன்கள் கைக்காசிலிருந்து கட்டினார்கள். சாப்பாட்டுக் கூடமும் அண்ணாச்சியின் சொந்தக் காசில் எழும்பியது. ஏழுமலை இப்போது டிரெய்லர் ஓட்டுவதில்லை. ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலை பார்க்கிறார், நாள் முழுக்க நடக்கிற வேலை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் கடைசியாக நடந்ததை உங்களுக்குச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி பேருக்குச் செக் எழுதினார். தம்பியும் கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது அண்ணாச்சிக்குப் பழக்கதோஷம், "ஏதோ எங்களால முடிஞ்ச ஒதவி" என்று ஆரம்பித்துவிட்டார். பொன்மணியின் கை பாதியில் நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தார்.

"இல்லத்தா" என்றார். "உன் காசு. உன் காசுதான். புடி."

அவள் வாங்கிக்கொண்டாள். பேச்சுச் சத்தத்தில் விழித்துவிட்ட ஏழுமலை உள்ளேயிருந்து, "பொன்னு, யாரு வந்துகீறாங்க? யாரு இன்னா குட்த்தாங்க?" என்று கேட்டார்.

அவள் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த அறையின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"எங்கப்பா குட்த்து அனுப்பிச்சிகீறாரு."

அண்ணாச்சி அதைத் திருத்தவில்லை. தரையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார்.